தட்டு நீட்டும் கையும் எச்சில் எடுக்கும் கையும்

ரயில் வந்தது, சாதி போனது என்று ஒரு கதை நம் அறிவுஜீவிகளிடம் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே பெட்டியில் ஐயரும் ஆசாரியும் பள்ளரும் பறையரும் முட்டி இடிக்க உட்கார்ந்து போக வேண்டியிருந்ததால் தீட்டு தானாகவே செத்துப்போச்சாம். இந்தக் கதைக்கு மூலவர் சாதாரண ஆள் இல்லை. பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணி ரயில் ஓடிய அதே 1853இல், லண்டனில் இருந்துகொண்டு நியூயார்க் பத்திரிகைக்கு எழுதிய கார்ல் மார்க்ஸ், ரயில்வேயால் பிறக்கப்போகும் நவீனத் தொழில் சாதிக்கு அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார். சென்னை ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியது 1856இல். அப்போதிருந்து தண்டவாளம் நீண்டுகொண்டேதான் இருக்கிறது. கரைய வேண்டியது கரைந்ததா?

இதைச் சோதித்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது பெரிய புள்ளிவிவரம் எதையும் அல்ல, உயர் வகுப்புப் பயணியின் மடியருகே வந்து இறங்குகிற சாப்பாட்டுத் தட்டை. தின்னுற தட்டைப் போயி விமர்சனம் பண்றதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். சோத்துத் தட்டில் இல்லாத சாதி இந்த நாட்டில் வேறெங்கே இருக்கிறது? கோயிலைப் பற்றி, குளத்தைப் பற்றி, சுடுகாட்டைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். ஓடுகிற வண்டிக்குள் நடக்கும் பந்தியைப் பற்றி எழுதவில்லை. ஒரு பிரதியை வாசிப்பதுபோல இந்தத் தட்டையும் வாசிக்கலாம். இதற்கும் இலக்கணம் உண்டு, விடுபட்ட பக்கங்கள் உண்டு.

சென்னை எழும்பூருக்கும் திருநெல்வேலிக்கும் இடையே 2023 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய வந்தே பாரத் ரயில் விருதுநகரில் நின்று போகிறது. அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் சுமார் 20 கிலோமீட்டர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து ஆள், கையில் காசு இருந்தால், அருப்புக்கோட்டை வந்து பஸ் மாறி அதைப் பிடித்துவிடலாம். அதில் நாற்காலி வகுப்பு ஒன்று, அதற்கு மேலே எக்ஸிகியூட்டிவ் வகுப்பு ஒன்று. சீட்டு எடுக்கும்போதே சாப்பாடு வேண்டுமா வேண்டாமா, சைவமா அசைவமா என்று குறித்துவிட வேண்டும். அப்புறம் எல்லாம் இருக்கைக்கே வரும். தண்ணீர் பாட்டில், பலகாரம், பொடிப் பொட்டலத்தோடு வெந்நீர், மூடி ஒட்டிய டப்பாவில் சோறும் குழம்பும். ராஜதானி போன்ற வண்டிகளின் ஏ.சி. முதல் வகுப்பில் பீங்கான் தட்டு, பீங்கான் கோப்பை என்று மரியாதை இன்னும் கூடும். சீருடை போட்ட பையன் குனிந்து ‘சார்’ என்று நீட்டுவான். தட்டைத் திரும்ப வாங்குவதுவரை அவன் கை. அதற்குப் பிறகு குப்பைப் பை, துடைப்பம், கழிப்பறை எல்லாம் வேறொருவன் கை. இந்த இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நான் அளக்கப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இந்தக் காரியத்துக்கு நம் பத்திரிகைத் தமிழில் ‘உபசாரம்’ என்று பெயர். உபசாரம் யாருக்கு நடக்கும்? சாமிக்குப் பதினாறு வகை உபசாரம் உண்டு. மாப்பிள்ளைக்கு உண்டு, சம்பந்திக்கு உண்டு, ஊருக்கு வருகிற அதிகாரிக்கு உண்டு. எங்கள் தெருவுக்கு அந்தச் சொல் வந்ததே இல்லை. எங்களுக்கு இருந்த சொல் ஊழியம். நாங்கள் செய்தால் ஊழியம், எங்களுக்கு எதிரே இருக்கிறவனுக்கு நடந்தால் உபசாரம். இப்போது இரண்டையும் ஒரே பையில் போட்டு ‘சேவை’ என்று பேர் மாத்தியாச்சு. சொல்லை மாற்றுவது சுலபம். சொல்லுக்குப் பின்னால் நிற்கிற ஆளை மாற்றுவதுதான் கஷ்டம்.

ரயில் சாப்பாட்டின் பழைய கதையை எடுத்துக்கொள்வோம். வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்திய ரயில் நிலையங்களில் ஐரோப்பியச் சாப்பாட்டு அறைகளை சென்னை ஸ்பென்சர் கம்பெனி நடத்தியது. துரைமாருக்கு மேசை, நாற்காலி, முள்கரண்டி. இந்தியர்களுக்கு வேறு அறை. அதற்குள்ளும் பிராமணாள், இதராள் என்று பிரிவினை. வடக்கே போனால் ‘பானி பாண்டே’ என்று பிராமணத் தண்ணீர்க்காரர், இந்துத் தண்ணீர் தனி, முஸ்லிம் தண்ணீர் தனி. ஆக, பெட்டிக்குள் முட்டி இடித்துக்கொண்டு வந்த கூட்டம், நிலையத்தில் இறங்கியதும் அவரவர் பலகையைத் தேடி ஓடியது. சீட்டுக் காசு உட்காருவதற்கு மட்டும்தான். தின்பதற்கும் குடிப்பதற்கும் ரயில்வே நிர்வாகமே சாதியைக் காவல் வைத்தது. சாதியைக் கரைக்க வந்ததாகச் சொல்லப்பட்ட ரயில், சாதிக்குக் கல்லும் சிமெண்டும் போட்டு அறை கட்டிக்கொடுத்தது.

பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் நடத்திய போராட்டத்தால் 1941இல் ரயில்வே சாப்பாட்டு அறைகளில் அந்தப் பிரிவினை ஒழிந்தது. அது பெரிய வெற்றி, அதில் சந்தேகமில்லை. ஓட்டல்களின் பெயர்ப்பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்ற சொல்லை அழிக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் மறுபடியும் மறியல் பண்ண வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தச் சொல் எவ்வளவு ஆழமாக அடிக்கப்பட்ட ஆணி என்று தெரியும். ஆனால் நம் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ‘இதராள்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்தால், அந்த அறைக்குள் இருந்த படிக்கட்டு தெரியாமல் போகும். பிராமணாளுக்கும் இதராளுக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்த வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. இதராளுக்குள் இருந்த வாசற்படியின் வரலாற்றை யார் எழுதினார்கள்? அந்த வாசற்படிக்கு வெளியே நின்றவர்கள் நாம்தான், எழுத வேண்டியவர்களும் நாம்தான்.

1955 ஒரு முக்கியமான வருஷம். ஓ.வி. அளகேசன் தலைமையில் 1954இல் அமைந்த குழுவின் யோசனைப்படி ரயில்வே தானே உணவு வழங்கலை நடத்த ஆரம்பித்தது அந்த வருஷம். பொது உணவு விடுதிகளில் தீண்டாமை காட்டுவதைக் குற்றமாக்கிய தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்ததும் அதே 1955இல். சட்டப்படி அன்றைக்கே பலகை முழுசாக இறங்கிவிட்டது. பலகை எங்கே போய் ஏறிக்கொண்டது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் இரண்டு பையன்களின் ரயில் பயணத்தை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து வாசிக்க வேண்டும். இரண்டும் அச்சில் உள்ள பிரதிகள். ஆளுக்கொரு அலமாரியில் இருக்கின்றன, யாரும் சேர்த்து வைத்துப் பார்ப்பதில்லை.

முதல் பையன் எங்கள் திருச்சுழிக்காரர். 1879இல் திருச்சுழியில் வக்கீல் சுந்தரம் ஐயர் வீட்டில் பிறந்த வேங்கடராமன், பிற்காலத்தில் ரமண மகரிஷி. 1896 ஆகஸ்ட் கடைசியில், பதினாறு வயதில், அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கான பணத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு மதுரையில் ரயில் ஏறுகிறார். திருச்சியில் அரையணாவுக்கு இரண்டு பேரிக்காய். விழுப்புரத்தில் ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் காசு நீட்டுகிறார். கையில் இருப்பதே இரண்டரை அணா என்று தெரிந்ததும் ஓட்டல்காரர் வாங்க மறுக்கிறார். மேலே கொஞ்சம் ரயில், மிச்சம் நடை. கீழூர்க் கோயிலில் மேளக்காரர் தன் பங்குப் பிரசாதத்தைக் கொடுக்கிறார். மறுநாள் ஒரு பாகவதர் வீட்டில் விருந்துச் சாப்பாடு, கடுக்கனை வைத்துக்கொண்டு நாலு ரூபாய், கையில் பலகாரப் பொட்டலம் வேறு. செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை.

இரண்டாவது பையன் அம்பேத்கர். 1901, ஒன்பது பத்து வயது. சாதாராவிலிருந்து அண்ணனோடும் அக்கா மகன்களோடும் கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்க ரயில் ஏறுகிறார். புதுச் சட்டை, சரிகைத் தொப்பி, பட்டுக்கரை வேட்டி. மசூரில் இறங்கியதும் உடுப்பைப் பார்த்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகப் பேசுகிறார். மகார் என்று பிள்ளைகள் சொன்ன நிமிஷத்தில் அவர் முகம் மாறுகிறது. கூலி இரண்டு மடங்கு என்றாலும் வண்டி ஓட்ட ஆள் இல்லை. கடைசியில் பிள்ளைகளே ஓட்டுவது, வண்டிக்காரன் கூட நடந்து வருவது என்று ஏற்பாடு. கூடையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. வழியில் கிடைத்தது மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்த சேற்றுத் தண்ணீர். சுங்கச் சாவடிக்காரனிடம் கேட்டும் கிடைக்கவில்லை. சோற்றுக் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பசியோடு படுத்தார்கள் பிள்ளைகள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

இரண்டு பயணத்துக்கும் நடுவில் ஐந்தே வருஷம். ஒரு பையன் கையில் காசும் இல்லை, கட்டுச்சோறும் இல்லை. வழியெல்லாம் சோறு கிடைத்தது. இன்னொரு பையன் கையில் காசும் இருந்தது, கட்டுச்சோறும் இருந்தது. ஒரு செம்புத் தண்ணி கிடைக்கவில்லை. பக்தர்கள் முதல் கதையை அருள் என்று வாசிக்கிறார்கள். வழிநெடுகக் கிடைத்த சோறு கடவுள் காட்டிய கருணை என்பது அவர்கள் வாசிப்பு. பசித்த பையனுக்குச் சோறு போட்ட விழுப்புரத்துக்காரர் மேலும் கீழூர்க்காரர்கள் மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. நல்ல காரியம். ஆனால் அந்தக் கருணைக்கு ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரிக்குப் பெயர் அக்ரகாரம். கோயில் பிரசாதமும் பாகவதர் வீட்டு இலையும் எங்கள் பக்கத்துச் சேரிப் பையன் ஒருவன் அதே வழியில் வந்திருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்குமா? கோயிலுக்குள் கால் வைக்கவே 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே. அருளுக்கு அடியில் ஓடுகிற தண்டவாளம் சாதி. அதைச் சொல்லாத வாசிப்பு பாதி வாசிப்பு.

காந்தி 1917இல் மூன்றாம் வகுப்புப் பயணத்தைப் பற்றி எழுதியபோது ஒரு கணக்குப் போட்டார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல். முதல் வகுப்பு வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது மூன்றாம் வகுப்புக்காரனுக்கு உண்டா என்று கேட்டார். சரியான கேள்வி. மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் ஒழிந்தது. ஆனால் அது காசுக் கணக்கு. மசூரில் இறங்கிய பிள்ளைகளிடம் காசு இருந்தது. இரட்டைக் கூலி கொடுக்கத் தயாராக இருந்தார்கள். காசு தோற்ற இடத்திலிருந்துதான் நம் கணக்கு ஆரம்பிக்கிறது.

எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி என்றால் மானம் பார்த்த பூமி. கம்பு, குதிரைவாலி, மிளகாய், பருத்தி. மழை தப்பினால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுவது. குண்டாற்றில் தண்ணீரைவிட மணல்தான் அதிக நாள் ஓடியிருக்கும். இந்தச் சீமை வழியாக விருதுநகர் – மானாமதுரை மீட்டர்கேஜ் பாதை வந்தது 1960களில், அது அகலப்பாதை ஆனது 2013இல். மானாமதுரைக்கு அந்தப் பக்கம் ராமேஸ்வரம் பாதை. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயிலில் தோட்டத் துரைமார் முதல் வகுப்பில் தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பல் ஏறினார்கள். அதே தண்டவாளத்தில் ராமநாதபுரம் சீமைச் சனம் மண்டபம் முகாமுக்குப் போய், மருத்துவச் சோதனைக்கு நின்று, இலங்கைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனது. துரையின் கோப்பையில் இருந்த தேயிலை, பக்கத்துப் பெட்டியில் போனவர்கள் கிள்ளப்போகும் தேயிலை.

எங்க அப்பத்தா மீட்டர்கேஜ் ரயிலில் மானாமதுரைக்குப் போனால் தூக்குச்சட்டியில் கம்மஞ்சோறு, சுரைக்குடுக்கையில் தண்ணி இல்லாமல் கிளம்பாது. ஸ்டேஷனில் தண்ணி இருக்குமே அப்பத்தா, எதுக்கு இதைச் சுமக்கிறே என்று கேட்டால் சொல்லும்: ‘ரயிலு நம்மளையும் ஏத்திக்கிரும்யா. தண்ணி ஊத்துறது ரயிலு இல்லைல்ல, மனுசன்ல.’ மார்க்ஸுக்கு இதைவிடச் சுருக்கமாக யாரும் பதில் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்த மனுசன் யார் என்று அப்பத்தாவுக்கு டீக்கடையில் தெரியும். ஒரு காலத்தில் சிரட்டை, அப்புறம் தனிக் கிளாஸ், குடித்துவிட்டுத் தானே கழுவிக் கவிழ்த்த வேண்டும். அந்த இரட்டைக் குவளைக்கு எதிராக நின்ற இம்மானுவேல் சேகரனை 1957 செப்டம்பர் 11ஆம் தேதி பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். முந்தின நாள் சமாதானக் கூட்டத்தில் அவர் சரிசமமாக உட்கார்ந்து பேசியதைப் பொறுக்க முடியவில்லை. நாற்காலிக்கும் குவளைக்கும் எங்கள் சீமையில் உயிர்தான் விலை. பிறகு சட்டத்துக்குப் பயந்து சில கடைக்காரர்கள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: ஊர்க்காரருக்குக் கண்ணாடிக் கிளாஸ், காலனிக்காரருக்குத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப். கேட்டால் சுத்தம் என்பான். இப்போது ரயிலைப் பாருங்கள். சாதாரணப் பெட்டியில் எல்லாருக்கும் காகிதக் கப், மேல் வகுப்புக்குப் பீங்கான். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. நேற்று யாரோ வாய் வைத்த பீங்கான் கோப்பையில் இன்று வாய் வைக்க முதல் வகுப்புக்காரனுக்கு அருவருப்பில்லை. அந்த யாரோவும் தன்னைப்போல ஒருத்தன்தான் என்ற நம்பிக்கை அவனுக்கு இருக்கிறது. முதல் வகுப்புக் கட்டணத்தில் அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை.

அந்த நம்பிக்கை எப்போது ஆட்டம் காணும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு கருத்தரங்குக்காரர்கள் எடுத்துக்கொடுத்த மேல் வகுப்புச் சீட்டில் போனேன். வண்டியின் பெயர் வேண்டாம். பக்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசினார். தட்டு வந்தது, இருவரும் சாப்பிட்டோம். தன் பையிலிருந்து வீட்டு முறுக்கை எடுத்து, ‘எடுத்துக்கங்க தம்பி’ என்று நீட்டினார். எடுத்துக்கொண்டேன். ‘எந்த ஊரு தம்பி?’ என்றார். திருச்சுழிப் பக்கம் என்றேன். ‘ஊருக்குள்ளயா?’ என்று அடுத்த கேள்வி. ‘இல்லைங்க, காலனி’ என்றேன். ‘அப்படியா’ என்றார், அவ்வளவுதான். முறுக்கு டப்பா மூடிக்கொண்டது. இறங்கும்வரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில்காரன் கொடுத்த சாப்பாட்டை என் பக்கத்தில் உட்கார்ந்து தின்பதில் அவருக்குச் சங்கடம் இல்லை. தன் வீட்டு முறுக்கில்தான் சங்கடம். மசூர் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்ட கேள்விக்கும் இதற்கும் நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேள்வி மட்டும் கொஞ்சம் நாகரிகம் கற்றுக்கொண்டிருக்கிறது.

ரயில் தட்டு ஏன் சங்கடம் தரவில்லை? அதில் எல்லாம் மூடி ஒட்டி வருகிறது. தண்ணீருக்குச் சீல், சோத்துக்கு அலுமினியத் தாள், ஊறுகாய்க்குப் பொட்டலம். சமைத்த கை தெரியாது. கை தெரியாத இடத்தில் தீட்டு தூங்குகிறது. கை தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியைப் பார்த்தால் போதும். சத்துணவு சமைக்க ஒரு தலித் பெண் வந்ததற்காகச் சாதி இந்துக்கள் பள்ளியையே மறித்தார்கள். ரயில் சாப்பாட்டின் சமத்துவம் அலுமினியத் தாளின் கனம்தான். தாளைக் கிழித்தால் பள்ளிக்கூடத்து அடுப்படி.

‘சைவமா, அசைவமா?’ என்ற கேள்வியையும் சும்மா விட முடியாது. அசைவம் என்றால் ரயிலில் கோழி, முட்டை. எங்கள் தெருவில் அசைவம் என்றால் முதலில் வருகிற கறிக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. தில்லியிலிருந்து கட்ரா போகும் வந்தே பாரத்துக்குச் ‘சாத்விக’ச் சான்றிதழ் என்று 2021இல் செய்தி வந்ததும் நினைவிருக்கலாம். இன்னொரு பக்கம், 2022 நவம்பரில் ரயில்வே வாரியம் சாப்பாட்டுப் பட்டியலை மாற்றிக்கொள்ள ஐ.ஆர்.சி.டி.சி.க்கு அனுமதி கொடுத்தபோது அதில் சிறுதானியப் பண்டங்களும் இருந்தன. கம்மஞ்சோறு தின்னு வளர்ந்தவன் என்று பள்ளிக்கூடத்தில் எங்களைக் கேலி பண்ணின கம்பு, சிறுதானியம் என்று புதுப்பேர் வைத்துக்கொண்டு தட்டில் ஏறிவிட்டது. கம்பு மேல் வகுப்புக்குப் போய்விட்டது, கம்பு விதைத்தவள் இன்னும் பிளாட்பாரத்தில் நிற்கிறாள். வெள்ளரிப்பிஞ்சும் பனங்கிழங்கும் கூடையில் வைத்துக்கொண்டு அவள் பெட்டியில் ஏறினால் 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டம் 144ஆவது பிரிவின்படி குற்றம். உரிமம் உள்ளவன் விற்றால் சேவை, இல்லாதவள் விற்றால் அபராதம்.

இப்போது அந்தப் பலகை எங்கே போனது என்ற கேள்விக்கு வருகிறேன். தின்கிறவன் தலைக்கு மேலே தொங்கிய பலகை, வேலை செய்கிறவன் கையில் போய் ஏறிக்கொண்டது. தட்டு நீட்டும் கை ஒன்று, கழிப்பறை கழுவும் கை ஒன்று. இரண்டு பேருமே ஒப்பந்தக்காரனின் கூலிகள், இரண்டு பேருக்கும் சீருடை உண்டு, இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போகிறார்கள். ஆனால் கழிப்பறை கழுவுகிற பையனிடம் நாளைக்கு நீ தட்டு எடுத்துக் கொடு என்று எந்த மேற்பார்வையாளரும் சொல்லமாட்டார். சுகாதாரம் என்று காரணம் சொல்வார்கள். சுகாதாரத்துக்காக ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யக் கூடாது, அது நியாயம். ஆனால் இந்த வேலைக்கு இந்தத் தெருவிலிருந்தும் அந்த வேலைக்கு அந்தத் தெருவிலிருந்தும் ஆள் எடு என்று எந்தச் சுகாதார விதியும் சொல்லவில்லை. மார்க்ஸ் கரைந்துபோகும் என்று எதிர்பார்த்த பரம்பரைத் தொழில் பிரிவினை ரயிலுக்கு உள்ளேயே, ரயில் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் போன அந்த வண்டியில் துப்புரவுப் பையனோடு வாசல் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பேசினேன். மதுரைப் பக்கத்துப் பையன். ‘சாப்ட்டியாப்பா?’ என்றேன். ‘எல்லாரும் முடிக்கட்டும்ணே’ என்றான். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று கேட்டதற்குச் சிரித்தான். ‘உக்காரவா? இந்தா இங்கனதாண்ணே’ என்று கழிப்பறைக் கதவுக்கு எதிரே இருந்த இடத்தைக் காட்டினான். ‘வீட்ல அம்மா என்ன வேலை?’ என்றேன். ‘முனிசிபாலிட்டி’ என்றான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

அந்தக் கதவுக்குக் கீழே இன்னொரு வரலாறு கிடக்கிறது. ரயில் கழிப்பறையில் விழுந்ததெல்லாம் பல தலைமுறையாகத் தண்டவாளத்தில் விழுந்தது. முதல் வகுப்பு விருந்தின் கடைசி அத்தியாயம் அங்கேதான். அதை வாரியவர்கள் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013ஆம் வருஷத்துச் சட்டம் கையால் மலம் அள்ளுவோர் என்பதற்குத் தந்த விளக்கத்தில் ரயில் தண்டவாளத்தையும் சேர்த்தது. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி பி. சதாசிவம் தலைமையிலான அமர்வு, தண்டவாளத்தில் இந்த வேலையை ஒழிக்க ரயில்வே கால வரையறையோடு திட்டம் போட வேண்டும் என்றது. இப்போது பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை வந்துவிட்டது, நல்லது. ஆனால் அதே சட்டத்துக்குள் ஒரு பொந்து உண்டு. அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால், மலத்தை அள்ளினாலும் அவர் மலம் அள்ளுபவர் ஆகமாட்டார். கையுறை போட்டால் கை மறைந்துவிடும் என்பது சட்டத்தின் தர்க்கம். தட்டுக்கு அலுமினியத் தாள், கைக்குக் கையுறை. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இங்கே நம் ஆட்களே சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். இட ஒதுக்கீட்டில் படித்து, வேலைக்குப் போய், இன்றைக்கு நம் பிள்ளைகள் ஏ.சி. முதல் வகுப்பில் கால் மேல் கால் போட்டுப் போகிறார்கள், அதை ஏன் குறை சொல்கிறாய் என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. போகட்டும், நன்றாகப் போகட்டும், கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும். சுரைக்குடுக்கையைப் புனிதமாக்கி, பட்டினியை அழகாக்கி எழுதுகிற எழுத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்க அப்பத்தா உட்காரவேண்டிய நாற்காலி அது. என் வழக்கு வேறு. நம் பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான் என்பதை மட்டும் பார்த்து விடுதலை வந்தாச்சு என்று கணக்கை மூடாதீர்கள். அவன் காலடியில் குனிந்து குப்பை எடுக்கிறவனும் நம் பிள்ளைதான். ஒரே தெருவிலிருந்து கிளம்பிய இரண்டு பேர் ஒரே பெட்டியில் சந்திக்கிறார்கள், ஒருவன் ‘சார்’, இன்னொருவன் ‘ஏப்பா’. இந்தச் சந்திப்பை எழுதாத தலித் இலக்கியம் பாதியில் இறங்கிவிட்ட பயணி மாதிரி.

தமிழ் விமர்சனத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. நம் பயணக் கட்டுரைகளையும் ரயில் கதைகளையும் எடுத்து வைத்து மறுவாசிப்புச் செய்ய வேண்டும். காபி நன்றாக இருந்தது, இட்லி சூடாக இருந்தது என்று எழுதியவர் அதைக் கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்டாரா? எச்சில் இலை என்ன ஆனது என்று ஒரு வரி எழுதினாரா? ஜன்னலுக்கு வெளியே ஓடும் பனைமரத்தை வர்ணித்தவருக்குத் தண்டவாளத்தில் கூடையோடு நின்றவள் கண்ணில் பட்டாளா? படவில்லை என்றால் அந்த மௌனத்தையும் பிரதியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், ஆய்வேட்டுக்கும் ஆகும், இயக்கத்துக்கும் ஆகும். அருப்புக்கோட்டை, விருதுநகர், மானாமதுரை நிலையங்களிலும் அவற்றின் வழியாகப் போகும் வண்டிகளிலும் சாப்பாடு தருகிறவர் யார், பெட்டி கூட்டுகிறவர் யார், கழிப்பறை கழுவுகிறவர் யார், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், மாதம் என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்டு எழுதுங்கள். வேலையாட்கள் விவரத்தையும் கூலியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கிடைப்பதை இந்தப் பக்கங்களுக்கு அனுப்புங்கள். தட்டு நீட்டும் வேலைக்கு நம் தெருப் பையனும் கழிப்பறை கழுவும் வேலைக்கு எல்லாத் தெருப் பையனும் போகிற நாளில், ரயில் சாதியைக் கரைத்தது என்று நானே எழுதித் தருகிறேன்.